மெதுவாகப் பேசினால் காட்டும் அட்டை

– முதல்லேர்ந்து சார். வணக்கம் சொல்லிட்டு, கம்பெனி பேரைச் சொல்லிட்டு, அப்புறம்தான் விஷயத்துக்கு வரணும்.

– கம்பெனி பேரு எதுக்கு டீச்சர்? அந்தம்மா எத்தனையோ வருஷமா நம்ம பிரஷ்ஷைத்தான் கடையில வெச்சு விக்கிறாங்க. என் குரல் கேட்டாலே தெரியும் அவங்களுக்கு.

– குரல் தெரியும், சரி. ஆனா இன்னிக்கு நீங்க ஒரு உதவி கேக்கப் போறீங்க. அவங்க கடையை வித்துட்டுப் போறாங்க. வாங்குற ஆள்கிட்ட நம்மளைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கன்னு கேக்கணும். அதுக்குப் பணிவா ஆரம்பிக்கணும். எங்க, சொல்லுங்க. 'ப்ளீஸ் இன்ட்ரட்யூஸ் அஸ்...'

– ப்ளீஸ் இன்ட்ரட்யூஸ் அஸ்...

– 'டு த நியூ ஓனர்.'

– டீச்சர், ஒருத்தர் வீட்டுல துக்கம் நடந்துட்டா இங்கிலீஷ்ல என்ன சொல்லி விசாரிப்பாங்க?

– என்ன சார் இது, போன் வர்ற நேரத்துல? அது நம்ம பாடத்துலயே கிடையாது. விலை பேசுறது, சாம்பிள் அனுப்புறது, சரக்கு லேட்டானா சமாதானம் சொல்றது. உங்களை மாதிரி சின்னப் பட்டறைக்காரங்க வெளிநாட்டுக்கு விக்க என்ன தேவையோ அதை மட்டும் பொறுக்கி எடுத்துத்தான் இந்தப் பாடமே போட்டேன்.

– பொறுக்கும்போது இது ஒண்ணு கீழ விழுந்துடுச்சு போல.

– சார்.

– சரி, சரி. கோவிச்சுக்காதீங்க. ப்ளீஸ் இன்ட்ரட்யூஸ் அஸ்.

– மிஸ், இந்தாங்க டீ. அப்பா, உங்களுதுல சக்கரை இல்ல, மூஞ்சியைச் சுளிக்காம குடிங்க.

– வெச்சுட்டுப் போ பாப்பா. உள்ள மெஷினை நிறுத்தச் சொல்லிட்டியா?

– டீ குடிச்சதும் நிறுத்திடுவாங்க. ஓடுறதே வாரத்துல பாதி நாள், அதையும் உங்க போனுக்கு நிறுத்தணும். அப்புறம், நான் எங்கயும் போறதா இல்ல. நாலு மணிக்கு போனைப் பிடிக்கிறது யாரு? அட்டையைத் தூக்குறது யாரு?

– இன்னிக்கு அட்டை கிடையாதுன்னு காலையிலயே சொன்னேன்ல.

– அட்டைன்னா என்ன சார்?

– ஒண்ணுமில்ல டீச்சர். விடுங்க.

– ஒண்ணுமில்லையாம்ல. மிஸ், அந்த பீரோவுக்குப் பின்னால கையை விட்டுப் பாருங்க. சுவரோரமா. ம், அதேதான். பேக்கிங் அட்டையை வெட்டி நானே எழுதினது.

– ஒரே தூசி. 'யெஸ், நோ ப்ராப்ளம்.' தமிழ் எழுத்துல எழுதியிருக்க. இது, 'சாரி, வி வில் கரெக்ட் இட்.' இது, 'வெரி குட், தேங்க் யூ, வி ஆர் ரெடி.' எதுக்கும்மா இதெல்லாம்?

– நீங்க பாடம் எடுக்க வர்றதுக்கு முன்னால எங்க பட்டறையோட மொத்த இங்கிலீஷும் இதுதான் மிஸ். மெயில் வந்தா நான் திருப்பித் திருப்பிப் படிச்சு எப்படியாவது பதில் போட்டுடுவேன். போன்ல பேசினா எனக்கும் பிடிபடாது. எழுத்துல பாத்தா தெரியுற வார்த்தை காதுல விழுந்தா யாரோ மாதிரி போயிடும். அதனால நான் போனுக்கு அந்தப் பக்கம் நிப்பேன், அட்டையைத் தூக்குவேன், அப்பா பாத்துப் படிப்பாரு.

– அவங்க என்ன சொன்னாங்கன்னே தெரியாம எந்த அட்டையைத் தூக்குறதுன்னு எப்படி முடிவு பண்ணுவ?

– குரலை வெச்சுத்தான். குரல் ஏறினா திட்டுறாங்கன்னு சாரி அட்டை. கேக்குற மாதிரி முடிச்சா நோ ப்ராப்ளம் அட்டை. மெதுவாப் பேசினா நல்ல மனநிலையில இருக்காங்கன்னு வெரி குட் அட்டை.

– நிஜமாவா சொல்ற?

– சிரிச்சுக்கோங்க மிஸ், பரவாயில்ல. அதை வெச்சுத்தான் அத்தனை பெட்டி ஷூ பிரஷ்ஷும் கப்பல் ஏறுச்சு. உங்க வகுப்புல மெழுகுவத்தி பட்டறைக்காரர் இருக்காரே, எதைக் கேட்டாலும் 'ஐ ஆம் ஃபைன்'னு சொல்லுவாரே, அவருக்கு நாங்க எவ்வளவோ தேவலாம். ஒரு தடவைகூடச் சிக்கல் வந்ததில்ல.

– ஒரு தடவை வந்துச்சு.

– அப்பா, இப்ப எதுக்கு அது?

– இப்ப இல்லாம வேற எப்ப? டீச்சருக்கும் தெரியட்டும். நீயே சொல்லு பாப்பா.

– மிஸ், தினமும் உள்ள வரும்போது கதவு நிலைக்கு மேல ஸ்பாஞ்சு அடிச்சிருக்கிறதைப் பாக்குறீங்கல்ல?

– பாக்குறேன். இங்க அவ்வளவு உயரமா யாருமே இல்லையே, எதுக்குன்னு கேக்கணும்னு நினைச்சேன்.

– அந்தம்மாவோட பையனுக்கு. ஒரு தடவை பட்டறையைப் பாக்க வந்தாரு. உள்ள வரும்போது ஒரு இடி, வெளிய போகும்போது ஒரு இடி. வேலை செய்யுற அக்காங்க எல்லாம் அவருக்கு நெட்டைனு பேரு வெச்சுட்டாங்க. அவருக்கு நம்ம பாஷை தெரியாது, இவங்களுக்கு அவர் பாஷை தெரியாது. ஆனா முடி குத்துற மெஷின்கிட்ட போய் உக்காந்தாரு பாருங்க, எழுப்பவே முடியல.

– முடி குத்துறதுன்னா?

– பிரஷ் கட்டையில துளை போட்டிருக்கும்ல, அதுல முடியைக் கொத்து கொத்தா வெச்சு அடிக்கிற மெஷின். டக்கு டக்குனு சத்தம் போட்டுட்டே இருக்கும். அவரு ஒரு பிரஷ்ஷை நாசம் பண்ணினாரு, அக்காங்க சிரிச்சாங்க. இன்னொண்ணை நாசம் பண்ணினாரு, இன்னும் சிரிச்சாங்க. மூணாவது ஒழுங்கா வந்ததும் அதைப் பையில போட்டுட்டு, விரலால மேஜையில அந்த மெஷின் மாதிரியே தட்டிக் காமிச்சாரு. அப்பாதான் ஓரமா நின்னு வேர்த்து ஊத்திட்டு இருந்தாரு, எங்க இங்கிலீஷ்ல ஏதாவது கேட்டுடுவாரோன்னு.

– போகும்போது என் தோள்ல கை போட்டுட்டு என்னமோ நிறைய சொன்னான் டீச்சர். நான் யெஸ் யெஸ்னு தலையாட்டினேன். அவன் போனதும் அந்த ஸ்பாஞ்சை அடிச்சேன். அடுத்த தடவை வந்தா இடிக்கக் கூடாது பாருங்க.

– அப்புறம் வரலையா?

– அப்புறம் ஒருநாள் அந்தம்மா போன் பண்ணினாங்க மிஸ். எப்பவும் மெயில்தான் போடுவாங்க, அவங்களே கூப்பிடுறது அபூர்வம். சரக்கு அனுப்பிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு. நான் பயந்துட்டு சாரி அட்டையைக் கையில எடுத்து வெச்சிருந்தேன். ஆனா குரல் ஏறவே இல்ல. ரொம்ப மெதுவா, நிறுத்தி நிறுத்திப் பேசினாங்க. அவ்வளவு மெதுவா அவங்க பேசிக் கேட்டதே இல்ல. அப்பாடான்னு வெரி குட் அட்டையைத் தூக்கினேன்.

– நான் படிச்சேன். சும்மா இல்ல, சிரிச்ச முகத்தோட. 'வெரி குட், தேங்க் யூ, வி ஆர் ரெடி.' அந்தப் பக்கம் ஒண்ணுமே பேசல. லைன் சரியில்லையோன்னு இன்னொரு தடவை சத்தமாச் சொன்னேன்.

– என்ன சொல்லியிருந்தாங்க அவங்க?

– அடுத்த வாரம் கப்பல் ஏஜெண்ட் வந்து சொன்னாரு மிஸ். பையன் கார் மோதி இறந்துட்டாராம். கொஞ்ச நாளைக்குச் சரக்கு வேணாம்னு எல்லாருக்கும் சொல்லிட்டாங்களாம்.

– பெத்த பிள்ளை செத்துட்டான்னு ஒரு தாய் சொல்றா, நான் வெரி குட்னு சொல்லியிருக்கேன். தேங்க் யூனு சொல்லியிருக்கேன். ரெண்டு தடவை.

– சார், நீங்க தெரிஞ்சா சொன்னீங்க?

– தெரியாம மிதிச்சாலும் வலிக்கிறவங்களுக்கு வலிக்கும்ல டீச்சர்.

– உடனே திருப்பிக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே. மெயிலாவது போட்டிருக்கலாமே.

– நான் சொன்னா யாரு கேக்குறா? அன்னிக்கே உக்காந்து மெயில் எழுதிட்டேன் மிஸ். அனுப்பக் கூடாதுன்னு தடுத்துட்டாரு. ஏஜெண்டை விட்டுப் பேசச் சொன்னேன், அதுவும் கூடாதாம். வாயால சொன்னதை வாயாலதான் திருத்தணுமாம். இவரு இங்கிலீஷ் கத்துக்கிட்டு இவரே பேசுவாராம். அதுக்குத்தான் உங்களைத் தேடிப் பிடிச்சோம்.

– இதுக்கா? நான் என்னமோ புது நாடு பிடிக்கணும்னு ஆசைப்பட்டு கத்துக்கிறாருன்னு எல்லா வகுப்புலயும் இவரை உதாரணம் காட்டிட்டு இருக்கேன். சார், முதல் நாளே இதை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு மத்தியானத்துல சொல்லிக் குடுத்திருப்பேனே.

– கேட்டேன் டீச்சர்.

– எப்ப?

– முதல் நாள்தான். துக்கம்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஒரு நாலு வரி மட்டும் சொல்லிக் குடுங்க, அவசரமா ஒருத்தர்கிட்ட பேசணும்னு கேட்டேன். நீங்க, அடிப்படை தெரியாம நாலு வரியை மனப்பாடம் பண்ணிட்டுப் போய் பேசினா இருக்கிற பேரும் கெட்டுடும், தப்பாப் பேசுறதுக்கு பேசாமலே இருக்கலாம்னு சொன்னீங்க. எனக்கும் அது சரின்னு பட்டுச்சு. மனப்பாடம் பண்ணித்தானே இந்தக் கதி.

– சொன்னேன். ஆமா. எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்றது.

– உங்க மேல தப்பு சொல்லல. விடுங்க. அப்புறம் விலைப் பாடம் வந்துச்சு, பேக்கிங் பாடம் வந்துச்சு. இன்னும் கொஞ்சம் கத்துக்கிட்டா நல்லாப் பேசலாமே, இன்னும் கொஞ்சம் கத்துக்கிட்டா நல்லாப் பேசலாமேன்னு நாள் தள்ளிப் போச்சு. தள்ளிப் போகப் போக, இவ்வளவு நாள் கழிச்சுக் கூப்பிடுறோமே, அதுக்கு என்ன சொல்றதுன்னு அது வேற சேந்துக்கிச்சு.

– இப்பவும் அந்தம்மாவாத்தான் கூப்பிடுறாங்க மிஸ். கடையை விக்கிறாங்களாம், சரக்கு குடுத்தவங்க எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசிட்டுப் போகணும்னு ஏஜெண்ட்கிட்ட நேரம் குறிச்சுக் குடுத்திருக்காங்க. இதை விட்டா இன்னொரு தடவை பேச மாட்டாங்க. அதனாலதான் சொல்றேன், புது ஆளைப் பத்தி இன்னிக்கே கேட்டுடணும்.

– கேக்க மாட்டேன்.

– அப்பா, மெஷின்ல உக்காந்திருக்கிற அக்காங்களுக்கு யாரு பதில் சொல்றது? பாதி நாள் வேலைதான் இருக்கு. அந்தப் பாதியும் எப்ப நிக்கும்னு தெரியாது.

– துக்கம் விசாரிக்கப் போற வீட்டுல வேலை கேட்டுட்டு நிக்கச் சொல்றியா?

– நான் கேக்குறேன். நீங்க துக்கம் விசாரிங்க, நான் வேலை கேக்குறேன்.

– ரெண்டும் ஒரே போன்ல போனா, ரெண்டாவதுக்காகத்தான் முதல்ல பேசினோம்னு ஆயிடும் பாப்பா. நீ அப்புறமா மெயில் போடு. புது ஆள் கிடைச்சா கிடைக்கட்டும், இல்லன்னா இல்ல. இன்னிக்கு அந்தப் பேச்சை எடுக்காத.

– மிஸ், நீங்களாவது சொல்லுங்க.

– அப்பா சொல்றது சரின்னுதான் எனக்கும் தோணுது. சார், அந்த நோட்டை மூடுங்க. கையைக் காலியா வெச்சுக்கோங்க. சின்னச் சின்னதா மூணே வரி. 'ஐ ஆம் வெரி சாரி அபவுட் யுவர் சன்.' உங்க பையனை நினைச்சு ரொம்ப வருத்தப்படுறேன்னு அர்த்தம்.

– ஐ ஆம் வெரி சாரி அபவுட் யுவர் சன்.

– 'தட் டே ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட்.' அன்னிக்கு எனக்குப் புரியலை.

– தட் டே ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட். இவ்வளவுதானா?

– இவ்வளவுதான் சார். கடைசியா, 'ஹி வாஸ் ஹேப்பி ஹியர்.' அவர் இங்க சந்தோஷமா இருந்தாருன்னு.

– ஹி வாஸ் ஹேப்பி ஹியர். இதைச் சொல்றதுக்கா நான் இத்தனை மாசம் விலைப் பட்டியல் படிச்சேன்?

– போதும் சார். என்னை மேல பேச வைக்காதீங்க.

– அப்பா, சட்டைப் பொத்தானைப் போடுங்க.

– போன்ல சட்டை தெரியுமா?

– எனக்குத் தெரியுதே. இருங்க, அடிக்குது. வெளிநாட்டு நம்பர்தான். அக்கா, மெஷினை நிறுத்துங்க, நிறுத்துங்க.

– எதுக்கு மெஷினை நிறுத்துறது? கதவைச் சாத்தினா போதாதா?

– எப்பவும் நிறுத்திடுவோம் மிஸ். ஏற்கனவே புரியாது, அந்தச் சத்தத்துல சுத்தமா கேக்காது. அப்புறம் அவங்களுக்கும் மரியாதையா இருக்காதுன்னு அப்பா சொல்லுவாரு, என்னடா ஓட்டைப் பட்டறைனு நினைச்சுடுவாங்களாம்.

– ஸ்பீக்கர்ல போடு பாப்பா. டீச்சர், பக்கத்துலயே இருங்க.

– இருக்கேன் சார். பேசுங்க.

– ஹலோ. ஹலோ மேடம். ஐ ஆம்... மேடம், ஐ ஆம் வெரி சாரி அபவுட் யுவர் சன். தட் டே ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட். மேடம், தட் டே... ஹி வாஸ் ஹேப்பி ஹியர். வெரி ஹேப்பி.

– சரியாச் சொல்லிட்டீங்க. அழாதீங்க சார்.

– ஒண்ணும் பேச மாட்டேங்கிறாங்களே.

– லைன் இருக்கு அப்பா. மூச்சு விடுற சத்தம் கேக்குது.

– பாப்பா, அந்த அட்டையைக் கையிலேர்ந்து கீழ போடு.

– சாரி அப்பா, பழக்கத்துல எடுத்துட்டேன்.

– உஷ், பேசுறாங்க. ரெண்டு பேரும் அமைதியா இருங்க.

– மெதுவாப் பேசுறாங்க டீச்சர். இப்பல்லாம் யாராவது மெதுவாப் பேசினாலே எனக்குப் பயமா இருக்கு. என்ன சொல்றாங்க?

– இருங்க. தேடித் தேடிப் பேசுறாங்க, அவங்களுக்கும் இங்கிலீஷ் சொந்த பாஷை இல்ல போலிருக்கு. நீங்க விசாரிச்சதுக்கு நன்றின்னு சொல்றாங்க. அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு அவங்களுக்கு நினைவே இல்லையாம்.

– நினைவில்லையா? நான் சொன்ன வெரி குட்?

– எதுவுமே நினைவில்லையாம். நம்பரைப் போட்டதும் அழுததும்தான் நினைவிருக்காம். நீங்க சொன்னது எதுவும் காதுலயே ஏறலையாம்.

– அப்ப என் மேல கோவம் இல்லையா? இத்தனை நாள் நான்... பாப்பா, கேட்டியா? அவங்க காதுலயே ஏறலையாம்.

– கேட்டேன் அப்பா. உக்காருங்க முதல்ல.

– சார், இன்னும் பேசுறாங்க. பையன் இங்கேர்ந்து திரும்பிப் போனதுலேர்ந்து சாப்பாட்டு மேஜையில விரலால தட்டிட்டே இருப்பாராம். இது அந்தப் பட்டறையோட சத்தம்மா, நீ ஒரு தடவை வந்து கேக்கணும்னு சொல்லுவாராம். கடைக்குச் சரக்கு குடுத்த எத்தனையோ பேர்ல நம்ம பட்டறையைப் பத்தித்தான் அவருக்குப் பேச்சாம்.

– அப்படியா சொன்னான்?

– ஆமா. அன்னிக்கு அவங்க ஆர்டரை நிறுத்தச் சொல்லிக் கூப்பிடலையாம் சார். அதை ஏஜெண்டே சொல்லிக்குவாருன்னு தெரியுமாம்.

– பின்ன எதுக்குக் கூப்பிட்டாங்க? கேளுங்க டீச்சர். ஏன் நிறுத்திட்டீங்க? என்ன சொல்றாங்க?

– கொஞ்சம் இருங்க சார், எனக்கே... பையன் சொன்ன அந்தச் சத்தத்தைக் கேக்கத்தான் கூப்பிட்டாங்களாம். அதுக்கப்புறம் துக்கம் விசாரிச்சு மத்தவங்ககிட்டேர்ந்து நல்ல நல்ல இங்கிலீஷ்ல நிறைய மெயில் வந்துச்சாம், எதையும் அவங்க படிக்கலையாம். நீங்க ஒரு தடவை திருப்பிக் கூப்பிடுவீங்கன்னுதான் பாத்துட்டே இருந்தாங்களாம். 'பேசத் தெரியலன்னா என்ன, போனை அந்த மெஷின் பக்கத்துல வெச்சிருந்தா போதுமே, நான் கேட்டுட்டு இருந்திருப்பேனே'ன்னு சொல்றாங்க.